வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவது: 4.45லிருந்து 3.85, செலவுக்குக் கட்டுப்படியாகுமா?

செத்தாப்பாக்_வாசி
வணக்கம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோ. 99 ஆண்டு குத்தகை நிலம், ஸ்ட்ராத்தா கிராண்ட் (அடுக்குமாடி வீட்டுக்கான தனி உரிமைப் பத்திரம்) வந்துவிட்டது. 2014ல் 457,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 35 ஆண்டுக் கடன். இன்றைய பாக்கி 380,000, மீதி 24 ஆண்டு. பிஎல்ஆர் (வங்கியின் அடிப்படைக் கடன் வட்டி) கழித்தல் கணக்கில் இப்போது 4.45 விழுக்காடு வட்டி, மாதம் 2,149 வெள்ளி. லாக்-இன் காலம் (அதற்குள் கடனைத் தீர்த்தால் அபராதம்) எப்போதோ முடிந்துவிட்டது. வேறொரு வங்கி 3.85 தருவதாகச் சொல்கிறது. அதே வங்கியில் இன்னொரு திட்டமும் இருக்கிறது: 4.00 விழுக்காடு, ஆனால் மாற்றும் செலவை வங்கியே ஏற்கும். வீட்டின் இன்றைய மதிப்பு 550,000 வாக்கில். எதை எடுக்கலாம்?

வட்டிக்கணக்கு
செலவை முதலில் எழுதிப் பார்ப்போம். 3.85ஐ எடுத்து எல்லாவற்றையும் கைக்காசில் கட்டினால்:

வழக்கறிஞர் கட்டணம், முதல் 500,000 வெள்ளி வரை 1.25 விழுக்காடு: 4,750. அதன்மேல் எஸ்எஸ்டி (சேவை வரி) 8 விழுக்காடு: 380.
கடன் ஒப்பந்த முத்திரை வரி, கடன் தொகையில் 0.5 விழுக்காடு: 1,900.
மதிப்பீட்டாளர் கட்டணம், முதல் 100,000க்குக் கால் விழுக்காடு, மிச்சத்துக்கு 0.2 விழுக்காடு: 1,150. எஸ்எஸ்டியோடு 1,242.
நில அலுவலகத் தேடல், பதிவு, திவால் தேடல், போக்குவரத்து, பழைய கடனை விடுவிக்கும் வேலை: 1,500லிருந்து 2,000.

கூட்டினால் ஏறக்குறைய 10,000 வெள்ளி.

புதுத் தவணை, அதே 24 ஆண்டுக்கு, 2,024 வெள்ளி. மாதம் 125 குறைகிறது. 10,000ஐ 125ஆல் வகுத்தால் 80 மாதம், அதாவது ஆறரை ஆண்டுக்கு மேல் என்று பலர் கணக்குப் போட்டுப் பின்வாங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கு தவறு. வட்டி குறையும்போது தவணையும் குறைகிறது, அந்தத் தவணைக்குள் அசலுக்குப் போகும் பங்கும் கூடுகிறது. முதல் ஆண்டில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் வட்டி மட்டும் சுமார் 2,270 வெள்ளி, மாதத்துக்கு 189. அதன்படி பார்த்தால் போட்ட செலவு நாலரை ஆண்டில் திரும்பிவிடும். அந்த நாலரை ஆண்டுக்குள் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் 3.85 உங்களுக்கு நட்டம்.

இப்போது 4.00 திட்டம். தவணை 2,055. இரண்டுக்கும் வித்தியாசம் மாதம் 31 வெள்ளி. 24 ஆண்டுக்கும் சேர்த்தால் 9,000 வெள்ளிகூட வராது. அந்த 9,000ஐ மிச்சம் பிடிக்க இன்றே 10,000 கட்டுவதா? உங்கள் பாக்கிக்கு, வங்கி செலவை ஏற்கும் திட்டமே மேல். பாக்கி 800,000 ஆக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

பட்டர்வொர்த்காரர்
அண்ணன் கணக்கு சரிதான். ஆனா "செலவை வங்கி ஏற்கும்"னு சொல்றதுல ரெண்டு வகை இருக்கு தம்பி. ஒண்ணு, உண்மையிலேயே வங்கி தன் காசுல கட்டுறது. இன்னொண்ணு, செலவைத் தூக்கிக் கடன்லயே சேர்த்துடுறது. ரெண்டாவதுல உங்க பாக்கி 380,000லேர்ந்து 390,000 ஆயிடும், அதுக்கும் 24 வருஷம் வட்டி. ஆஃபர் லெட்டர்ல கடன் தொகை எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. உங்க பாக்கியைவிட கூடுதலா இருந்தா ஏன்னு கேளுங்க.

உண்மையிலேயே வங்கி கட்டினா அதுக்கும் ஒரு கொக்கி இருக்கும். 3 வருஷம் இல்ல 5 வருஷத்துக்குள்ள வீட்டை வித்தாலோ மறுபடி மாத்தினாலோ, கட்டின செலவை வங்கி திருப்பிக் கேக்கும். சில இடத்துல அதுக்கு மேல லாக்-இன் அபராதம் வேற. அந்த அபராதம் 2, 3 விழுக்காடுன்னு இருக்கும். எதுல 2 விழுக்காடு? முதல்ல எடுத்த கடன்லயா, அன்னிக்கு மிச்சம் இருக்கிற பாக்கிலயா? ஆஃபர் லெட்டர்ல அந்த ஒரு வரியை விரல் வச்சுப் படிங்க.

வட்டிக்கணக்கு
பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

இன்னொன்று. புது வங்கிக்கு விண்ணப்பம் போடுமுன் பழைய வங்கியிடம் போய் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். போட்டி வங்கியின் எழுத்துபூர்வமான சலுகை கையில் இருந்தால் பேச்சே வேறு. வாய்வார்த்தையை யாரும் மதிக்கமாட்டார்கள். பழைய வங்கி 4.10 கொடுத்தாலே தவணை 2,075 ஆகிறது. மாதம் 74 வெள்ளி குறைகிறது, வழக்கறிஞர் வாசலை மிதிக்காமல், மூன்று மாதம் காத்திருக்காமல். அவர்கள் சிறு கட்டணம் கேட்கலாம், மறுபடி லாக்-இன் போடலாம். அதை எழுத்தில் வாங்குங்கள்.

புது ஆஃபரில் வட்டி "எஸ்பிஆர் கூட்டல் இத்தனை" என்றுதான் இருக்கும். எஸ்பிஆர் என்பது வங்கிகளின் பொது அடிப்படை வட்டி. 2022 ஆகஸ்ட் 1 முதல் எல்லா வங்கிக்கும் எஸ்பிஆர் ஒன்றேதான், அது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கொள்கை வட்டியான ஓபிஆரோடு ஏறி இறங்கும். 2025 ஜூலை 9ஆம் தேதி ஓபிஆர் 3.00லிருந்து 2.75க்கு இறங்கியது. ஆகவே 3.85 என்றால் 2.75 கூட்டல் 1.10. வங்கிகளை ஒப்பிடும்போது அந்த 1.10ஐ மட்டும் பாருங்கள், வங்கிக்கு வங்கி மாறுவது அதுதான். ஓபிஆர் இறங்கினால் உங்கள் பிஎல்ஆர் கடனும் சேர்ந்தே இறங்கும் என்பதால், "வட்டி இறங்கிவிட்டது, அதனால் மாற்றுங்கள்" என்று சொல்லும் முகவரின் பேச்சை ஏற்காதீர்கள்.

செத்தாப்பாக்_வாசி
நன்றி அண்ணே. முகவர் 30 ஆண்டுக்கு இழுத்தால் தவணை 1,781தான் வரும் என்கிறார். மாதம் 368 வெள்ளி கையில் நிற்கும் என்று சொல்கிறார்.

வட்டிக்கணக்கு
நிற்கும். ஆனால் 1,781ஐ 360 மாதம் கட்டினால் மொத்தம் 641,000. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இப்போதைய 2,149ஐயே 288 மாதம் கட்டி முடித்தால் 619,000. வட்டி 0.6 விழுக்காடு குறைந்தும் 22,000 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அதற்கு மேல் மாற்றும் செலவு.

நேர்மாறாகச் செய்து பாருங்கள். 3.85க்கு மாறி, தவணையைக் குறைக்காமல் அதே 2,149ஐக் கட்டி வந்தால் 288 மாதத்துக்குப் பதில் 262வது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்னதாக. வரவு செலவு இறுக்கமாக இருப்பவர்கள் காலத்தை நீட்டுவதில் தவறில்லை, வீடு கையை விட்டுப் போவதைவிட அது மேல். ஆனால் அதை மிச்சம் என்று நம்பி நீட்டக்கூடாது.

கூடுதலாகக் கட்டுவதென்றால் கடன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். செமி-ஃப்ளெக்ஸியில் கூடுதல் பணம் அசலைக் குறைக்கும், திரும்ப எடுக்க விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. ஃபுல் ஃப்ளெக்ஸியில் நடப்புக் கணக்கோடு இணைந்திருக்கும், மாதாமாதம் சிறு கட்டணம். சாதாரணத் தவணைக் கடனில் கூடுதலாகக் கட்டினால் சில வங்கிகள் அதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளும், அசல் குறையாது. அசலைக் குறைக்கவே கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கெப்போங்_தங்கை
வீட்டு மதிப்பு 550,000, கடன் 380,000 என்றால் மேலே கொஞ்சம் ரொக்கமாகவும் எடுக்கலாம்தானே?

பட்டர்வொர்த்காரர்
எடுக்கலாம்மா. முதல் ரெண்டு வீட்டுக்கு 90 விழுக்காடு வரைக்கும் போகும். மூணாவது வீட்டுக் கடன்னா 2010லேர்ந்து 70தான். ஆனா கையில எடுக்கிற ரொக்கப் பங்குக்கு 10 வருஷத் தவணைதான் தருவாங்க, வீட்டுக் கடன் மாதிரி 35 வருஷம் இல்ல. 50,000 எடுத்தா மாசத்துக்கு 500 வெள்ளிக்கு மேல கூடிடும். குறைஞ்ச 125 எங்க போச்சுன்னே தெரியாது. கார் வாங்க, கல்யாணம் பண்ண இதைத் தொடாதீங்க. கிரெடிட் கார்டு பாக்கி 18 விழுக்காட்டுல ஓடுதுன்னா அதை அடைக்க மட்டும் யோசிக்கலாம், கார்டை வெட்டிப் போட்டுட்டு.

லோயர்_ஆபிஸ்_மேசை
வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று எழுதுகிறேன். இழுபறி வரும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான்.

விண்ணப்பத்துக்கு: அடையாள அட்டை, 3 மாதச் சம்பளச் சீட்டு (கமிஷன் வருமானம் என்றால் 6), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, இஏ படிவம் (முதலாளி தரும் ஆண்டு வருமானச் சான்று) அல்லது வரி கட்டிய ரசீதோடு பிஇ படிவம் (வருமான வரிப் படிவம்), 6 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பழைய ஆஃபர் லெட்டர், அண்மைய கடன் அறிக்கை, வாங்கும் ஒப்பந்த நகல், கிராண்ட் நகல், குக்காய் பெத்தாக் (அடுக்குமாடி வீட்டுக்கான நில வரி) மற்றும் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) மதிப்பீட்டு வரி ரசீது. சொந்தத் தொழில் என்றால் எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவும் 2 ஆண்டு பி படிவமும் (தொழில் வருமான வரிப் படிவம்). விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் இசிசிரிஸ் (பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் வரலாற்றுப் பதிவு) பார்த்துவிடுங்கள், கட்டணம் இல்லை. கடந்த 12 மாதத்தில் எந்த மாதத் தவணை தவறியது என்று எண்ணாக நிற்கும். ஒரே வாரத்தில் ஆறு வங்கிக்கு விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பங்களும் அங்கே தெரியும். இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்துங்கள்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டபின் வழக்கறிஞர் பழைய வங்கிக்கு எழுதி ரிடெம்ஷன் ஸ்டேட்மென்ட் (கடனை முழுதும் தீர்க்க வேண்டிய தொகையின் அறிக்கை) கேட்பார். இந்த ஒரு பக்கத் தாள்தான் முழு வேலைக்கும் ஆணிவேர். அதில் இருப்பவை: அசல் பாக்கி, அன்று வரை சேர்ந்த வட்டி, தாமதக் கட்டணம் இருந்தால் அது, ஒரு நாள் வட்டி எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும், பணம் போக வேண்டிய கணக்கு. உங்கள் கடனுக்கு ஒரு நாள் வட்டி 46 வெள்ளி 33 காசு. ஸ்டேட்மென்ட் 5ஆம் தேதி வரைக்கும் கணக்கிட்டிருக்க, புது வங்கிப் பணம் 12ஆம் தேதி போய்ச் சேர்ந்தால் 324 வெள்ளி குறையும். அந்தக் குறை தீரும் வரை பழைய வங்கி கிராண்டை விடாது. 324 வெள்ளிக்காகக் கோப்பு இரண்டு வாரம் கிடக்கும். ஆகவே தேதியைப் பத்து நாளாவது தள்ளிக் கணக்கிடச் சொல்லிக் கேட்பது நல்லது. மிகுதியாகப் போனால் திருப்பித் தருவார்கள்.

ரிடெம்ஷன் தொகை புதுக் கடனைவிடக் கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள் முன்கூட்டியே கட்டவேண்டும். அது கட்டிய அத்தாட்சி இல்லாமல் புது வங்கி பணத்தை விடாது. பழைய ஒப்பந்தங்களில் ஒரு மாதமோ மூன்று மாதமோ முன்னறிவிப்பு தரவேண்டும், தராவிட்டால் அத்தனை மாத வட்டி என்று ஒரு விதி ஒளிந்திருக்கும். லாக்-இன் முடிந்துவிட்டது என்று அதைப் பார்க்காமல் விடுபவர்கள் நிறைய. ஆஃபரில் கையெழுத்திடும் அன்றே முன்னறிவிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பணம் போனதும் பழைய வங்கி 16என் படிவத்தில் கையெழுத்திட்டு அசல் கிராண்டோடு அனுப்பும். அது அடமானத்தை விடுவிக்கும் படிவம். புது வங்கிக்கான 16ஏ படிவத்தையும் சேர்த்து நில அலுவலகத்தில் ஒரே நேரத்தில் தாக்கல் செய்வோம். கடன் ஒப்பந்தத்துக்கு முழு முத்திரை வரி கட்டிவிட்டதால் 16ஏ துணை ஆவணம், 10 வெள்ளிதான்.

தாக்கல் திரும்பி வரும் காரணங்கள்: 16என்னில் கையெழுத்திட்ட வங்கி அதிகாரியின் அதிகாரப் பத்திரப் பதிவு எண் தவறாக இருப்பது. கிராண்டில் பழைய அடையாள அட்டை எண் இருந்து, இப்போதைய எண்ணோடு ஒத்துப்போகாதது. அடமானம் பதிவான வங்கி பிற்பாடு வேறொரு வங்கியோடு இணைந்து பெயர் மாறியிருப்பது. கடைசியாகச் சொன்னதற்கு நீதிமன்றத்தின் உரிமை மாற்று உத்தரவு கிராண்டில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் அதைப் பதியவேண்டும். கிராண்டின் ஒரு நகலை இன்றே எடுத்து, அடமானப் பகுதியில் எந்த வங்கியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்களுடையது குத்தகை நிலம் என்பதால் கிராண்டில் "செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்" (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரியைத் தேடுங்கள். அடமானம் வைக்கவும் அனுமதி வேண்டும் என்று இருந்தால், கோலாலம்பூர் நில அலுவலகத்தில் அனுமதி வாங்கியபின்தான் 16ஏ பதிய முடியும். பழைய வங்கிக்கு வாங்கிய அனுமதி புது வங்கிக்குச் செல்லாது. இதற்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும். நிலம் ஃப்ரீஹோல்டாக இருந்தால் மொத்த வேலையும் 3 மாதத்தில் முடியும், உங்களுக்கு 4, 5 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாயான்பாரு_அக்கா
பினாங்கில் ஸ்ட்ராத்தா கிராண்ட் இன்னும் வராத அபார்ட்மென்ட்டுக்கு 16என் கிடையாதுதானே?

லோயர்_ஆபிஸ்_மேசை
கிடையாது அக்கா. கிராண்ட் வராதவரை பழைய வங்கியிடம் இருப்பது உரிமை ஒப்படைப்புப் பத்திரம்தான். பணம் கட்டியபின் அவர்கள் பெற்றுக்கொண்டதாகவும் உரிமையைத் திருப்பி ஒப்படைப்பதாகவும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள், அதன்பின் புது வங்கிக்குப் புதிதாக ஒப்படைப்பு. இரண்டுக்கும் மேம்பாட்டாளர் (வீட்டைக் கட்டிய நிறுவனம்) உறுதிக் கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதத்தில் மேம்பாட்டாளர் கேட்பது: பராமரிப்புக் கட்டணம், சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதி) பாக்கி ஒரு காசுகூட இருக்கக்கூடாது. நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தால் கலைப்பாளரிடம் போகவேண்டும், அவருடைய கட்டணமும் காலமும் தனி. கிராண்ட் வெளிவரும் தறுவாயில் இருந்தால் சில மாதம் பொறுத்து, வந்தபின் மாற்றுவதே என் பரிந்துரை. இல்லாவிட்டால் இன்று ஒப்படைப்புக்கு ஒரு செலவு, நாளை கிராண்ட் வந்ததும் பெயர் மாற்றி அடமானம் பதிய இன்னொரு செலவு.

கெப்போங்_தங்கை
ஒரு இஸ்லாமிய வங்கி ஆஃபரில் 380,000 கடனுக்கு "விற்பனை விலை" 10 லட்சத்துக்கு மேல் போட்டிருக்கிறது. பார்த்ததும் பகீர் என்றது. கையெழுத்துப் போடலாமா?

வட்டிக்கணக்கு
பயப்படாதே தங்கை. தவாருக் முறையில் பொருளை வாங்கி விற்பதாக ஒப்பந்தம், ஆகவே விற்பனை விலையை முன்பே எழுதியாக வேண்டும். அதை உச்ச லாப விகிதத்தில் எழுதுவார்கள். உச்சம் 10 விழுக்காடு என்று வைத்தால் 24 ஆண்டுக்கு 10 லட்சத்து 4,000 வருகிறது, கணக்கு பொருந்துகிறது. நீ கட்டுவது நடப்பு விகிதப்படிதான். மிச்சத்தை "இப்ரா" என்ற தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள். முன்கூட்டியே தீர்த்தாலும் இப்ரா உண்டு, அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வழக்கறிஞரைக் காட்டச் சொல். ஒரு நன்மையும் இருக்கிறது: வட்டி எவ்வளவு ஏறினாலும் அந்த உச்சத்தைத் தாண்டாது.

பாயான்பாரு_அக்கா
எம்ஆர்டிஏ (கடன் வாங்கியவர் இறந்தால் வீட்டுக் கடனை அடைக்கும் காப்புறுதி) பற்றி யாரும் சொல்லவில்லையே. 2014ல் எடுத்தபோது இந்தத் தம்பி ஒரே தடவையில் பிரீமியம் கட்டியிருப்பார். கடன் தீர்ந்தால் பாலிசி தானாக அழிந்துவிடாது தம்பி. வங்கிக்கு ஒப்படைத்த உரிமை உங்களிடம் திரும்பும். இரண்டு வழி: சரண்டர் செய்து மீதிக் காலத்துக்கான மதிப்பை வாங்கலாம், அல்லது காப்புறுதி நிறுவனம் ஒத்துக்கொண்டால் புது வங்கிக்கு ஒப்படைக்கலாம். பதினொரு வயது கூடியபின் புதிதாக எடுக்கும் எம்ஆர்டிஏ விலை கூடுதல், இடையில் சர்க்கரை, இரத்த அழுத்தம் வந்திருந்தால் இன்னும் கூடுதல், மறுத்தும் விடலாம். ஆகவே புதுப் பாலிசி உறுதியான கடிதம் கைக்கு வரும் வரை பழையதை சரண்டர் செய்யாதீர்கள். இடையில் ஒரு நாள்கூடக் குடும்பம் காப்புறுதி இல்லாமல் இருக்கக்கூடாது. எம்ஆர்டிஏ சட்டப்படி கட்டாயமும் அல்ல. அதை எடுத்தால்தான் 4.00, எடுக்காவிட்டால் 4.10 என்று சொல்வார்கள். அந்தப் பிரீமியத்தையும் மேலே சொன்ன 10,000 கணக்கில் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

செத்தாப்பாக்_வாசி
எல்லோருக்கும் மிக்க நன்றி. முதலில் பழைய வங்கியிடம் எழுதிக் கேட்கிறேன். 4.10க்கு இறங்கி வந்தால் அங்கேயே இருந்துவிடுகிறேன், இல்லையென்றால் 4.00 திட்டம், 24 ஆண்டு, தவணையைக் குறைக்காமல். கடைசியாக ஒன்று: புது வங்கி ஒப்புதல் கொடுத்துவிட்டால் பழைய வங்கியின் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடலாமா?

லோயர்_ஆபிஸ்_மேசை
கூடவே கூடாது. ஒப்புதலுக்கும் பணம் போவதற்கும் இடையில் உங்கள் வழக்கில் நாலு தவணையாவது வரும். ஒன்று தவறினாலும் சிசிரிஸில் ஏறும், புது வங்கி பணம் விடுமுன் மறுபடி பார்த்தால் ஒப்புதலையே திரும்பப் பெறலாம். கடன் முழுதும் தீர்ந்தது என்று பழைய வங்கி எழுத்தில் தந்தபின் ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள். அதே மாதத்தில் இரண்டு வங்கிக்கும் தவணை போக நேரலாம், 4,200 வெள்ளி கணக்கில் தயாராக இருக்கட்டும். பழைய வங்கிக்கு மிகுதியாகப் போனது திரும்பி வரும். எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று முன்னறிவிப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.